நான்காவது உத்திரம்

அன்றைக்கு இருந்தவர்களின் பெயர்களை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அளவெடுப்பது பிறகு ஆகட்டும். சுவர் எங்கும் ஓடிவிடாது. கீவர்கீஸ் அச்சன், இந்தப் பள்ளியின் விகாரி. பள்ளி என்று நாங்கள் சொல்வது தேவாலயத்தை, விகாரி என்பது பங்குக் குருவை. பாலவிளை குரியாக்கோஸ், கைக்காரர். அதாவது பள்ளியின் சாவிக்கும் சொத்துக்கும் பொறுப்பானவர். தொம்மி, கப்பியார். மணியடிப்பது, விளக்கேற்றுவது, பெருக்குவது அவன் வேலை. சென்னையிலிருந்து வந்த தொல்லியல் அதிகாரி அறவாழி. என் தம்பி அவிரா. பிறகு நான், சோசம்மா. பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பத்தாறு வருடம் கணக்கு கற்பித்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். மொத்தம் ஆறு பேர். வெளியே முற்றத்தில் ஊரே நின்றது. ஆனால் எட்டிப் பார்த்தவர்களை நான் இருந்தவர்களாகச் சேர்ப்பதில்லை.

ஏன் பெயரில் தொடங்குகிறேன் என்றால், அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இப்போது ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். உள்ளே இல்லாதவர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். நீங்கள் கட்டிடக்கலை படிக்கிறவர். அறிக்கையில் 'வரலாறு' என்று ஒரு பத்தி எழுதுவீர்கள். அந்தப் பத்தியில் பிழை வரக் கூடாது.

அவிராவிடமும் கேட்கலாமா என்கிறீர்களா? தாராளமாக. எதிரே பச்சைக் கதவு போட்ட வீடு. இரண்டு வருடமாக அவனுக்கு முழங்கால் வலி, அதனால் என் வீட்டுப் பக்கம் வருவதில்லை. ஞாயிறு தோறும் குர்பானைப் பூசைக்கு அடுத்த ஊர் வரை நடந்து போகிறான் என்று தொம்மி சொன்னான். வைத்தியர் நடக்கச் சொல்லியிருப்பார்.

இப்படி நில்லுங்கள். நீங்கள் நிற்பது முகமண்டபம். உள்ளே நீளமாகக் கிடப்பது ஹைக்கலா, சனங்கள் நிற்கும் இடம். கிழக்கே சிவப்புத் திரை தெரிகிறதல்லவா, அதற்குப் பின்னால் மத்பஹா. பலிபீடம் அங்கே இருக்கிறது. மத்பஹாவின் கூரை மட்டும் மற்றதைவிட ஒன்றரை ஆள் உயரம். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, 'பிற்காலத்தில் கூட்டிக் கட்டப்பட்டது' என்று எழுதிவிடுகிறார்கள். நீங்கள் அப்படி எழுதாதீர்கள். எழுப்பும்போதே அப்படித்தான் எழுப்பினார்கள். சுவர் வெட்டுக்கல். பூச்சு சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி. கனம் இரண்டே முக்கால் அடி. நீங்கள் அளந்தாலும் அதுதான் வரும்.

மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருப்பது எதற்கு என்று கேட்பீர்கள். ஒழுகுகிறது. வழக்கு முடியும் வரை ஓட்டைத் தொடக் கூடாது. ஒழுகட்டும்.

தேதி சுவரில் இல்லை, உத்திரத்தில் இருக்கிறது, கொல்லம் ஆண்டில். மத்பஹாவின் கூரையைத் தாங்குவது ஏழு உத்திரங்கள். எல்லாம் தேக்கு, குறுக்கே கிடப்பவை. ஒவ்வொன்றிலும் ஓரிரு சொல் செதுக்கியிருக்கிறது. மேற்கிலிருந்து கிழக்காக வரிசையாகப் படித்தால் ஒரு வாக்கியம் வரும். திரைக்கு அப்பால் பெண்கள் போகக் கூடாது. ஆகவே அந்த வாக்கியத்தை நான் கண்ணால் படித்ததில்லை, காதால் படித்தேன். என் அப்பா உலகன்னான் இந்தப் பள்ளியில் இருபத்தொரு வருடம் கப்பியாராக இருந்தவர். பெருக்கும்போது அண்ணாந்து ஒவ்வொரு உத்திரமாகச் சொல்லிக்கொண்டே பெருக்குவாராம். வீட்டில் எங்களைத் தூங்க வைக்கவும் அதையே சொல்வார். அவிரா மூன்றாவதில் தூங்கிவிடுவான். நான் ஏழையும் கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுவேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதில், கோடை விடுமுறையில், அப்போதைய கைக்காரர் பாலவிளை ஈப்பன், இந்தக் குரியாக்கோஸின் தகப்பனார், நான்காவது உத்திரத்தைப் பூச்சி அரித்துவிட்டது என்று சொல்லி இறக்கினார். பூச்சி அரிக்கவில்லை. அவர் அந்த வருடம் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கு வந்து சேர்ந்தது ஒரு மாமரத் துண்டு, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிக் கறுப்பாக்கியது. அப்பா அதைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முதலாளி, இது மாவாக்கும். மழைக்கு நிக்காது."

ஈப்பன் சொன்ன பதிலை ஊர் நினைவில் வைத்திருக்காது. நான் வைத்திருக்கிறேன். "வெளக்கு தொடைக்கியவன் வெளக்கப் பாருலே. மரத்த நாங்க பாத்துக்கிடுவோம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்றும் சொல்ல முடியும். இப்போது ஒருவரும் உயிரோடு இல்லை.

வைகாசியில் இடவப்பாதி மழை தொடங்கிய ஒன்பதாம் நாள், பட்டப்பகலில், அந்த மாமரம் ஒடிந்தது. ஓடு பலிபீடத்தின் மேல் விழுந்தது. பள்ளியில் அப்பா மட்டும்தான் இருந்தார். இனி சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள், இது எங்கள் சபைக்காரர்களுக்கு மட்டுமே விளங்கக்கூடிய குற்றம். பலிபீடத்தின் மேல் தப்லைத்தா என்று ஒரு மரப்பலகை இருக்கும். மேற்றிராணியார், எங்கள் ஆயர், மூரோன் தைலம் பூசிப் பிரதிஷ்டை செய்தது. அது இல்லாத இடத்தில் குர்பானை இல்லை. பட்டமேற்ற கை அல்லாமல் வேறு கை அதைத் தொடக் கூடாது. அப்பா தொட்டார். நனைந்துகொண்டிருந்ததை எடுத்துத் தன் தோளில் கிடந்த துவர்த்தில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முகமண்டபத்தில், நீங்கள் நிற்கும் இதே இடத்தில், அச்சன் வரும் வரை நின்றார். அச்சனுக்கு முன்னால் ஈப்பன் வந்தார்.

நான் கணக்கு கற்பித்தவள். எது முன், எது பின் என்பதில் குழப்பம் வந்தால் கணக்கு நிற்காது. கூரை விழுந்தது முன். அப்பா தொட்டது பின். ஒரே வாரத்தில் ஊர் அதைத் திருப்பிப் போட்டது: கப்பியார் தொடத் தகாததைத் தொட்டான், அதனால் கூரை விழுந்தது. மாமரத்தைப் பற்றிக் கேள்வியே எழவில்லை. அந்த இடத்தில் ஒரு ரயில் தண்டவாளத் துண்டைப் போட்டு ஓடு வேய்ந்தார்கள். அப்பாவைப் பள்ளியிலிருந்து விலக்கினார்கள். ஏழு வருடம் மதிலுக்கு வெளியே நின்று குர்பானை கண்டார். இறந்தபோது மதிலுக்கு வெளியே, கிணற்றுச் சரிவில், தூக்கில் தொங்கியவர்களைப் புதைக்கும் இடத்தில் புதைத்தார்கள். பிறகு அம்மா இறந்தாள். அம்மாவை உள்ளே வைத்தார்கள். நடுவில் ஐந்தரை அடி மதில்.

மரித்தவர்களின் ஞாயிறு என்று எங்களுக்கு ஒரு நாள் உண்டு. அச்சன் தூபக்கலசத்தோடு கல்லறை கல்லறையாகப் போய்த் தூபம் காட்டுவார். மதில் வந்ததும் திரும்பிவிடுவார். ஐம்பது வருடமாக அவிரா அந்த நேரத்தில் வெளியே அப்பாவின் மண்மேட்டில் நிற்பான், புகை ஏதாவது காற்றில் அந்தப் பக்கம் வருமா என்று. நான் நின்றதில்லை. புகைக்காகக் காத்து நிற்பது எனக்குப் பழக்கமில்லை.

சரி, எழுதுங்கள்.

பதினோரு வருடத்துக்கு முன் குரியாக்கோஸின் தாயார் இறந்தார். பாலவிளை வீட்டில் அதுவரை நான் கால் வைத்ததில்லை. அன்று வைத்தேன். பெண்கள் அடுக்களைப் பக்கம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வராது, அண்ணாந்து பார்த்தேன். நெல் போடும் அறையின் மச்சைத் தாங்கிக்கொண்டு நான்காவது உத்திரம் கிடந்தது. எழுத்துகளின் மேல் அரை நூற்றாண்டுக் கரி. தண்ணீர் குடிப்பதுபோல உள்ளே போய், முக்காலியில் ஏறி, முந்தானையால் துடைத்தேன். அப்பா சொன்ன சொற்கள்தான். படம் எடுத்தேன். இறங்கினேன். குரியாக்கோஸின் மனைவி ஒரு டம்ளர் கட்டன்காப்பி கொண்டுவந்து, "டீச்சரே, ஒங்களுக்க கையெல்லாம் கரியாட்டு இரிக்கே" என்றாள். "ஆமாம், பழைய வீடு" என்றேன்.

அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். அன்று சொன்னால் அழுதுகொண்டிருக்கும் வீட்டில் ஒரு சச்சரவு, அவ்வளவுதான். இந்தப் பள்ளிக்கு முந்நூறு வயது ஆகப் போகிறது, அதற்கு முன் கூரையைப் பழுது பார்க்க அரசாங்கத்திடம் போவார்கள், அப்போது ஓர் அதிகாரி வருவார் என்று எனக்குத் தெரியும். சாட்சி இல்லாத உண்மையால் பயன் இல்லை. காத்திருந்தேன். ஒவ்வொரு பெருநாளிலும் பாலவிளைக்காரர்கள் பொற்குரிசை, அந்தத் தங்கச் சிலுவையை, தூக்கிக்கொண்டு ஊர்வலத்தில் முதலில் போவதைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தேன். இந்தப் பள்ளியை எழுப்பியது அவர்கள் முன்னோர், ஆகவே முதல் குரிசு அவர்களுக்கு. அதுதான் ஊர் வழக்கம். வாக்கியத்தில் யார் எழுப்பினார்கள் என்று சொல்லும் இடம்தான் நான்காவது உத்திரம். அதைக் கொண்டுபோய் நெல்லுக்கு மேல் போட்டுவிட்டு, காலியான இடத்தில் தங்கள் வீட்டுப் பெயரை வாயால் எழுதிக்கொண்டார்கள்.

அவிராவிடம் மட்டும் சொன்னேன். அது என் தவறு. அவன் நேராகக் குரியாக்கோஸிடம் போய்விட்டான். சண்டைக்குப் போயிருந்தால் மன்னித்திருப்பேன். பேசப் போனான். மூன்று வருடம் போனான். சாயங்காலமானால் பாலவிளை வீட்டில் உட்கார்ந்து காப்பி குடிப்பான். ஒருநாள் என்னிடம் வந்தான்.

"அக்கா, எல்லாம் பேசி முடிச்சாச்சு. குரியாக்கோஸ் அண்ணனுக்கு இந்தச் சங்கதி ஒண்ணும் தெரியாது கேட்டியா. அவருக்க அப்பன் செய்ததுக்கு அவரு கெடந்து அழுதாரு. வாற ஞாயிறாழ்ச்ச பள்ளியிலே வச்சு அவருக்க வாயாலே எல்லாத்தையும் சொல்லப் போறாரு. உத்தரத்தையும் திருப்பித் தருவாரு."

"யார் வாயால்?"

"அவருக்க வாயாலே. பின்ன, திருமேனிக்க கல்பனை வந்தாச்சு அக்கா. அச்சன் கையிலே இரிக்கு. அப்பா செய்தது குத்தமில்லண்ணு எழுதியிரிக்காராம். அப்பாவ உள்ள எடுத்துட்டு வரலாம். அம்மைக்குப் பக்கத்திலே."

திருமேனி என்றால் மேற்றிராணியார்; கல்பனை, அவருடைய எழுத்தாணை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நீ ஒண்ணும் செய்யாண்டாம். அந்த ஒரு நாளு மட்டும் மிண்டாம, வாயத் தெறக்காம இரி. எனக்க ஆயுசுக்கு ஒன்கிட்ட நான் வேற ஒண்ணும் கேட்டதில்ல."

யோசித்துப் பாருங்கள். குரியாக்கோஸ் எழுந்து நிற்பார், கண் கலங்குவார், தகப்பன் செய்த பாவத்துக்கு மன்னிப்புக் கேட்பார். ஊர் என்ன சொல்லும்? 'என்ன பெரிய மனசு பாலவிளைக்காரருக்கு' என்று சொல்லும். அடுத்த பெருநாளுக்கும் பொற்குரிசு அவர் கையில்தான் இருக்கும். தானாகச் சொன்னால் அது பாவசங்கீர்த்தனம். எங்கள் சபையில் பாவசங்கீர்த்தனத்துக்குப் பாவமோசனம் உண்டு. நான் பிடித்துச் சொன்னால் அது குற்றம். ஐம்பத்தெட்டு வருடம் நான் காத்திருந்தது பாலவிளை வீட்டாருக்குப் பாவமோசனம் வாங்கிக் கொடுப்பதற்கா?

அவிரா போன பிறகு புகார் எழுதினேன். பன்னிரண்டு பக்கம், இரண்டு வரைபடம், ஆறு புகைப்படம். தொன்மையான கட்டிடத்தின் உறுப்பைத் திருடியது, மறைத்து வைத்தது. பள்ளியையும் வளாகத்தையும் உடனே துறையின் பாதுகாப்பில் எடுக்க வேண்டும் என்ற வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை நேரில் வரும்படி அதிகாரியைக் கேட்டுக்கொண்டேன். அச்சன், அவர் பழுது பார்க்க அனுமதி கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, ஹைக்கலாவில் நாற்காலி போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

குர்பானை முடிந்தது. ஆறு பேரும் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தோம். அவிரா புதுச் சட்டை போட்டிருந்தான். விரல் நகங்களில் செம்மண் இருந்தது; பெருநாள் உடுப்பு உடுத்தியும் நகம் சுத்தம் செய்யத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அச்சன் ஜெபம் சொன்னார். குரியாக்கோஸ் எழுந்தார். கையில் ஒரு தாள் இருந்தது. "எனக்க அப்பன்..." என்று தொடங்கினார்.

"உட்காருங்கள்" என்றேன்.

"டீச்சரே, நான் அதைத்தானே சொல்ல..."

"உட்காருங்கள் என்றேன்."

எழுபது வயது மனிதர். கரும்பலகைக்கு முன்னால் விடை தெரியாமல் நிற்கும் பிள்ளையைப் போல உட்கார்ந்தார். அச்சன், "சோசம்மா டீச்சரே, கொஞ்சம் பொறுமை..." என்றார். முற்றத்திலிருந்து யாரோ, "அச்சோ, டீச்சரு இண்ணைக்கி கர்த்தருக்கே மார்க்கு போடுவா" என்றார்கள். போட்டேன். எழுந்து நின்று, புகாரின் பன்னிரண்டு பக்கத்தையும் படித்தேன். குரலைத் தாழ்த்தவில்லை. ஈப்பன் அப்பாவைச் சொன்ன சொல்லையும், சொன்ன விதத்திலேயே சொல்லிக் காட்டினேன். கடைசியில் உத்திரங்களைச் சொன்னேன், ஒவ்வொன்றாக, வெளியே கேட்கும்படி: கொல்லம். தொள்ளாயிரத்துப். பன்னிரண்டில். ஊரார் கூடி. எழுப்பிய. இறைவன். வீடு.

"நான்காவதைக் கவனியுங்கள்" என்றேன். "பாலவிளையார் என்று இல்லை. ஊரார் கூடி என்று இருக்கிறது. ஊரார் கூடி எழுப்பியதை ஒரு வீட்டார் விழுங்கினார்கள்."

முற்றத்தில் இரைச்சல் எழுந்தது. ஒருவன், "களவாணிப்பயக்க" என்றான். பாலவிளைப் பிள்ளைகள் அவன் சட்டையைப் பிடித்தார்கள். இன்றைக்கு ஊர் இரண்டாக இருக்கிறது. பாதிப் பேர் அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் போகிறார்கள், மீதிப் பாதி எங்கும் போவதில்லை. குரியாக்கோஸ் மாதம் இரண்டு தடவை வக்கீலோடு கோர்ட்டுக்குப் போகிறார். பொற்குரிசை இரண்டு வருடமாக யாரும் தூக்கவில்லை, பெருநாளே இல்லையே. நான் சொன்னதில் ஒரு சொல் பொய்யென்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அதிகாரி நல்ல மனிதர், விதி தெரிந்தவர். இளநீரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: உத்திரம் தடயப் பொருள், இன்றே கைப்பற்றப்படும். கட்டிடம் உள்ளது உள்ளபடியே இருக்க வேண்டும், பழுது பார்ப்பதும் கூடாது. விசாரணை முடியும் வரை மதிலுக்கு உள்ளேயும், வெளியே நூறு மீட்டருக்கும் மண்ணைத் தொடக் கூடாது.

அச்சன் கேட்டார்: "கல்லறை?"

"எந்தக் குழியும் கூடாது, ஃபாதர்."

"தோண்டி வச்சாச்சு சார்" என்றான் தொம்மி. "நேத்து அவிராண்ணன் தனியாட்டு தோண்டினாரு. நான் மண்வெட்டி கேட்டேன், தரல்ல. அம்மைக்க கல்லறைக்குப் பக்கத்திலே. பெட்டியும் செய்து வச்சிரிக்காரு."

"அப்படியானால் அது அப்படியே இருக்கட்டும். மூடவும் கூடாது, வைக்கவும் கூடாது" என்றார் அதிகாரி.

தெற்குப் பக்கம் பலகை போட்டு மூடியிருக்கிறதே, பார்த்தீர்களா? அதுதான். மழைக்காலத்தில் நிரம்பிவிடும். பள்ளியின் தரைப்படத்தில் அதைக் காட்ட வேண்டியதில்லை. அது கட்டிடத்தின் உறுப்பல்ல.

விசாரணை எவ்வளவு காலம் ஆகும் என்று அச்சன் கேட்டார். சொல்ல முடியாது, பத்து வருடமும் ஆகலாம் என்றார் அதிகாரி. அச்சன் கையில் ஓர் உறை இருந்தது, மேலே முத்திரை. அதை மடித்து, உடுப்புக்குள் வைத்துக்கொண்டார். படிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் அப்பாவைக் குற்றமற்றவர் என்று சொல்ல எனக்குத் திருமேனியின் எழுத்து வேண்டியதில்லை. என்னிடம் மரத்தின் எழுத்து இருந்தது. அவர் வெளியே கிடந்தால் என்ன? குற்றவாளியாக வெளியே கிடந்தார், இனி நிரபராதியாக வெளியே கிடப்பார். கணக்கில் அது வேறு விடை. நூறு மீட்டர் என்ற விதி மட்டும் எனக்குத் தெரியாமல் போயிற்று. ஒரு விதிதான். மற்ற எல்லாவற்றையும் சரியாகத்தான் போட்டிருந்தேன்.

அதிகாரி மகஜர் எழுதி, இருந்தவர்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். முதலில் நான் போட்டேன். அச்சன் போட்டார். தொம்மி போட்டான். குரியாக்கோஸ் தன் தாளை மடியில் வைத்துக்கொண்டு, அதன் மேலேயே வைத்து மகஜரில் போட்டார். பேனா அவிராவிடம் வந்தது. அவன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, நாற்காலியின் மேல் வைத்தான். எழுந்தான். திரையைப் பார்த்துக் குனிந்து குரிசு வரைந்தான். அவனுக்கு அப்போது முழங்கால் வலி ஒன்றும் கிடையாது, நேராகத்தான் நடந்தான்.

"அவிரா, உன் கையெழுத்து இல்லாமல் இது முழுமையாகாது" என்றேன். "உட்கார்."

என்னைக் கடந்து, தெற்கு வாசல் வழியாக வெளியே போனான்.